ஞானசேகரத்தின் மலைவண்டி

மயிரிழையில் உயிர் தப்பிய நாளில் ஞானசேகரம் வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் ஊரில் அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் எவரும் அதில்தான் தொடங்குவார்கள்.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. திருகோணமலை உள்துறைமுகத்தின் ஒரு மூலையில், கப்பல்களுக்குக் கயிறும் எண்ணெயும் கம்பிவடமும் கொடுக்கிற கம்பனியொன்று இருந்தது. களஞ்சியம் மேட்டில், இறங்குதுறை பள்ளத்தில். நடுவே ஒடுங்கிய தண்டவாளம் போட்டிருந்தார்கள். அது மேட்டிலிருந்து சரிந்து இறங்கி, துறையோரமாகச் சமதரையில் வளைந்து ஓடி, மறுபக்கத்து மேட்டில் இருந்த பட்டறையை நோக்கி மறுபடி ஏறும். சாமான் ஏற்றிய ட்ரொலியை வடத்தில் கட்டி மேலிருந்து மெல்ல மெல்ல விடுவார்கள். பின்தட்டில் நின்று பிரேக் கட்டையை அழுத்திக்கொண்டு கூடவே இறங்குவது ஞானசேகரத்தின் வேலை. வீடு லிங்கநகரில். கலியாணம் முடித்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

அன்றைக்குக் கயிற்றுக் கட்டுகள் நிறைந்த ட்ரொலி சரிவில் இறங்கத் தொடங்கியதும் வடத்தின் கொளுக்கி கழன்றுவிட்டது. பிரேக் கட்டையை முழுப்பலத்தோடு அழுத்தினார். அது இரண்டாகப் பிளந்து ஒரு துண்டு கையோடு வந்தது. "பாய் சேகரம், பாய்!" என்று மேலேயிருந்து கத்தினார்கள். பாயவில்லை. பாய வேண்டுமென்று நினைப்பதற்குள் பாய முடியாத வேகம் வந்துவிட்டது. துறையில் நின்றவர்கள் இருபக்கமும் சிதறி ஓடினார்கள். கண்ணை மூடிக்கொண்டு, இடுப்பளவு உயரக் கயிற்றுக் கட்டொன்றை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

சமதரையைத் தாண்டிப் பட்டறைப் பக்கம் ஏறும்போதுதான் கண்ணைத் திறந்தார். வேகம் தானாகவே குறைந்துகொண்டு வந்தது. யாரும் பிடிக்கவில்லை, எதுவும் தடுக்கவில்லை. பட்டறைக் கதவுக்கு முன்னால் ட்ரொலி ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு பின்பக்கமாக உருளத் தொடங்கியது. மறுபடி துறை, மறுபடி களஞ்சிய மேடு. ஆனால் புறப்பட்ட இடத்துக்கு அது ஏறவில்லை, பாதியில் நின்று திரும்பியது. அப்படியே ஏணையாட்டம் போல இங்கும் அங்கும் போய், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைவாக ஏறி, கடைசியில் துறையோரத்தில் சாதுவாக நின்றுகொண்டது.

தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தவர்கள் அவர் சிரிப்பதைக் கண்டு தயங்கி நின்றார்கள். மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

"ஒண்டுமில்லை. இன்னொருக்கா விடுவமோ எண்டிருக்கு" என்றாராம்.

அவர் வீட்டுக்கு வருவதற்கு முன்னமே செய்தி வந்துவிட்டது. மனைவி அன்னலட்சுமி வாசலில் நின்று தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தாள். முழுசாக வந்து சேர்ந்திருக்கிறார் என்று தெரிந்த பிறகு ஏசத் தொடங்கினாள்.

"பயப்பிடேல்லையோ நீங்கள்?"

"பயந்தனான். நல்லாப் பயந்தனான்."

"பிறகென்ன சிரிப்பு?"

பயத்தோடு ஒட்டிக்கொண்டு வேறொன்றும் வந்தது, அது பயத்தை விடப் பெரிதாக இருந்தது என்று ஏதோ சொல்லிப் பார்த்தார். அன்னலட்சுமி சோற்றைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய் அழுதாள். அடுத்த நாள் அவர் வேலைக்குப் போனார். பிரேக் கட்டைக்கு மேலதிகமாக ஒரு இரும்புச் சங்கிலி வேண்டுமென்று கேட்டு வாங்கினார். அதன் பிறகு அங்கே ட்ரொலி ஒன்றும் கைமீறி ஓடவில்லை.

ஐம்பத்தேழில் வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனார்கள். கப்பல்கள் குறைந்தன, கம்பனியும் மூடிக்கொண்டது. போகும்போது மிஞ்சிய பழஞ்சாமான்களை வேலையாட்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆளுக்காள் தகரம், கதவு, சன்னல், கதிரை என்று கொண்டுபோனார்கள். ஞானசேகரம் மாட்டுவண்டி பிடித்துத் தண்டவாளம் கொண்டுவந்தார். நேர்த்துண்டுகளும் வளைந்த துண்டுகளுமாகப் பலமுறை போய் வந்தார். கடைசி நடையில் இரண்டு ட்ரொலிகளின் சில்லுகள் அச்சோடு வந்து இறங்கின.

"கூரைக்குத் தகரம் கொண்டு வருவியள் எண்டு பாத்தா!" என்றாள் அன்னலட்சுமி. "உந்த இரும்பை என்ன, அவிச்சுத் தின்னவோ?"

பிறகு அவருக்கு ஒரு நெல்லாலையில் இயந்திரம் பார்க்கிற வேலை கிடைத்தது. தண்டவாளங்கள் வேலியோரம் கிடந்தன. அன்னலட்சுமி அவற்றின் மேல் உடுப்புக் காயப்போட்டாள். துருக்கறை படிந்ததற்கும் அவர்தான் ஏச்சு வாங்கினார்.

அறுபத்திரண்டில், ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேற்று விடுதி ஒன்றைக் கட்டுவதற்காக ஊரில் களியாட்ட விழா நடத்தத் தீர்மானித்தார்கள். ராட்டினம், மரணக்கிணறு, அதிர்ஷ்டச் சக்கரம் எல்லாம் வெளியூரிலிருந்து வரவிருந்தன. எங்கள் ஊருக்கென்று ஒன்று இருக்கக் கூடாதா என்ற கதை எழுந்த கூட்டத்தில் ஞானசேகரம் எழுந்து நின்று, தண்டவாளத்தில் மேடும் பள்ளமுமாக ஓடுகிற ஒரு மலைவண்டி கட்டலாம் என்று சொன்னார்.

"எஞ்சின் எங்கை எடுக்கிறது?" என்று கேட்டார் விழாக் குழுத் தலைவர்.

"எஞ்சின் தேவையில்லை. மேலை ஏத்திவிட்டாக் காணும். மிச்சத்தை அது தானாப் பாத்துக்கொள்ளும்."

பலர் சிரித்தார்கள். சிரிக்காதவர் ஒருவர்தான். பெண்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற பாக்கியரத்தினம் ரீச்சர். அவர் விழாக் குழுவின் செயலாளரும்கூட.

"அவர் சொல்லுறது சரி" என்றார் ரீச்சர். "வண்டியை மேலை ஏத்துறதுக்கு நாங்கள் குடுக்கிற பலம் வீணாப் போகாது. அது உயரமா இருந்து அதுக்குள்ளையே கிடக்கும். அழுத்தசக்தி எண்டு சொல்லுவம். இறங்கேக்கை அது ஓட்டமா மாறும். அடுத்த மேட்டிலை ஏறேக்கை அந்த ஓட்டம் திரும்ப உயரமா மாறும்."

ஞானசேகரத்தின் முகம் மலர்ந்துவிட்டது. பட்டறைக் கதவுக்கு முன்னால் ட்ரொலி நின்ற அந்தக் கணத்துக்குப் பெயர் இருக்கிறது என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "அழுத்தசக்தி, அழுத்தசக்தி" என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டு போனார்.

மரவேலைக்குக் கிண்ணியாவிலிருந்து தாஹிர் வந்தார். வள்ளம் கட்டுகிறவர், அகன்ற தோள், வாயில் எப்போதும் வெற்றிலை. ஞானசேகரத்தை விட நாலைந்து வயது மூத்தவர், அதனால் இவருக்குத் 'தாஹிர் நானா'. கடற்கரையை ஒட்டிய வெட்டவெளியில் இருவரும் பனந்தூண்களை நட்டு, குறுக்குமரம் அடித்து, நீள்வட்டமாகப் பாதை கட்டினார்கள். ஒரு பக்கம் மாடிவீட்டுக் கூரை உயரத்தில் முதல் மேடு. அதிலிருந்து பள்ளம், பள்ளத்தில் ஒரு வளைவு, மறுபக்கம் இரண்டாவது மேடு, பிறகு இறங்கி, ஆட்கள் ஏறும் மேடைக்கே திரும்பி வரும். மேலே இழுப்பதற்குக் கையால் சுற்றுகிற வின்ச். வண்டியை எப்படிச் செய்வது என்று தாஹிர் யாரையும் கேட்கவில்லை. தனக்குத் தெரிந்தபடி ஒரு சின்ன வள்ளத்தைக் கட்டிச் சில்லின் மேல் ஏற்றிவிட்டார். முன்முனையான அணியம் கூராக, பக்கமெல்லாம் பச்சையும் சிவப்பும் பூசி, இருக்கைக்கு முன்னால் பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குத்தடியோடு.

இரண்டு மேட்டையும் ஒரே உயரத்தில் கட்டியிருந்தார்கள். பார்க்க அழகாக இருக்கும் என்பது தாஹிரின் எண்ணம். அவ்வளவு உயரம் ஏறாது என்று ரீச்சர் முன்னமே சொல்லியிருந்தார். எவ்வளவு ஏறும் என்று கேட்டதற்கு அவரும் கையை விரித்தார்.

"புத்தகத்திலை உராய்வு இல்லையெண்டு வைச்சுக்கொண்டுதான் கணக்குச் செய்யிறது. இஞ்சை அது இருக்கே. விட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

ஆட்களுக்குப் பதிலாக மண்மூட்டைகளை ஏற்றி விட்டுப் பார்த்தார்கள். வள்ளம் சீறிக்கொண்டு இறங்கியது. வளைவில் தூண்கள் எல்லாம் முனகின. இரண்டாவது மேட்டில் முக்கால்வாசி ஏறி, நின்று, பின்பக்கமாக இறங்கிப் பள்ளத்தில் ஆடிக்கொண்டு கிடந்தது.

தாஹிர் வெற்றிலையைத் துப்பினார். "முதல் மேட்ட இன்னும் உசத்துவம் தம்பி."

"மரம் எங்கை நானா இருக்கு?"

மரம் இருக்கவில்லை. இருவரும் தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார்கள். தேத்தண்ணீர்க் கேத்தலோடு வந்திருந்த அன்னலட்சுமி வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். அச்சுப் பக்கம் கையை வைத்தவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"இஞ்சருங்கோ, இது சுடுகுது."

"சுடும்தானே."

"இந்த அச்சைச் சுடவைச்சது ஆர்? உங்கடை வண்டிதானே? போகேக்கை அது போட்ட சத்தம் எங்கடை வளவுக்கும் கேட்டிருக்கும். சூடாக்கிறதுக்கும் சத்தம் போடுறதுக்கும் பலம் வேணும். நான் உங்களை ஏசிக் களைச்சுப் போறேல்லையோ? அதுபோலத்தான்."

ஞானசேகரம் எழுந்து வந்து தானும் தொட்டுப் பார்த்தார். பிறகு சிரித்தார். கொடுத்த உயரத்தில் ஒரு பங்கு இங்கே, இந்தச் சூட்டில் போயிருக்கிறது. ஒரு பங்கு மரங்களின் முனகலில். மிச்சம்தான் மேடேறுகிறது. தாஹிரிடம் சொன்னபோது அவர், "அப்ப ரெண்டாவது மேட்டக் குறைக்கத்தான் வேணும். அழகு போனாப் போகட்டும்" என்று மரம் அறுக்கிற வாளை எடுத்தார். ஞானசேகரம் அச்சுகளைக் கழற்றி, கழுவி, கிரீஸ் பூசினார். வளைவில் தூண்களுக்குச் சாய்மரம் கொடுத்து முனகலை அடக்கினார்கள். இரண்டாவது மேட்டில் ஓராள் உயரம் குறைந்தது. மண்மூட்டைகள் அந்த மேட்டைத் தாண்டி மறுபக்கம் விழுந்தடித்து இறங்கியபோது தாஹிர் "யா அல்லாஹ்!" என்று கத்திக்கொண்டு வண்டிக்குப் பின்னால் ஓடினார்.

கடைசியில் வண்டியை நிறுத்துவது இன்னொரு பாடு. வேகத்தோடு வருவதைப் பிரேக் மட்டும் போட்டு நிறுத்தப் போனால் கட்டை எரிந்துவிடும். அதனால் மேடைக்கு முன்னால் பாதையைக் கொஞ்சம் ஏற்றமாக அமைத்தார்கள். வண்டி அந்த ஏற்றத்தில் தன்னுடைய ஓட்டத்தைத் தானே செலவழித்துக் களைத்து வரும். மிச்சத்தை மேடையோரப் பிரேக் பார்த்துக்கொள்ளும். அந்தப் பிரேக்கைப் பிடிக்கிற வேலையை ஞானசேகரம் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

விழா தொடங்கியது. ஊரே வந்து மலைவண்டியைச் சுற்றி நின்றது. மூட்டைகள் போய்வருவதைப் பார்த்துக் கைதட்டியது. ஏறத்தான் ஒருவரும் இல்லை. வாலிபர்கள் ஒருவரையொருவர் தள்ளிவிட்டுச் சிரித்தார்கள். மரணக்கிணற்றுப் பக்கம் கூட்டம் நகரத் தொடங்கியது. ஞானசேகரம் பிரேக்கைப் பிடித்தபடி நின்றார். அவருடைய முகத்தைத் தூரத்திலிருந்து அன்னலட்சுமி பார்த்தாள்.

சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு அவள் மேடையில் ஏறினாள்.

"நீ ஏன் ஏறுறாய்?" என்றார் ஞானசேகரம்.

"மண்மூட்டை போகலாமெண்டா நான் போகேலாதோ?"

கூட்டத்திலிருந்து இன்னொரு குரல் கேட்டது. "நில்லுங்க தங்கச்சி, நானும் வாறன்." தாஹிரின் மனைவி ஆமினா உம்மா. முக்காட்டை இறுக்கிக்கொண்டு, தன் பருத்த உடம்பை மெல்ல வள்ளத்துக்குள் இறக்கினார். "என்ட புருசன் கட்டின வள்ளம் கடல்லயே ஒரு நாளும் தாழ்ந்ததில்ல. தரையில தாழப் போகுதா?"

வின்ச் சுற்றியது. வள்ளம் மேலே ஏறியது. உச்சியில் அவர்களுக்குத் துறைமுகம் முழுவதும் தெரிந்திருக்கும். கொளுக்கி விடுபட்டது.

அந்த இரண்டு பெண்களும் போட்ட கூச்சலைப் போல ஒன்றை ஊர் அதற்கு முன் கேட்டதில்லை. பள்ளத்தில் இறங்கும்போது அன்னலட்சுமி "ஐயோ முருகா!" என்றாள். ஆமினா உம்மா என்ன சொன்னார் என்பது சரியாகக் கேட்கவில்லை. இரண்டாவது மேட்டின் உச்சியில் வள்ளம் தயங்கியது. பிறகு அது மறுபக்கம் சாய்ந்து பாய்ந்தது. ஏற்றத்தில் களைத்து, பிரேக்கில் உரசி, மேடையில் வந்து நின்றது.

ஞானசேகரம் ஓடிப்போய்க் குனிந்தார். அன்னலட்சுமியின் கொண்டை அவிழ்ந்திருந்தது. கண்ணில் தண்ணீர். குறுக்குத்தடியைப் பிடித்த கையை அவள் எடுக்கவில்லை.

"என்னப்பா? என்ன செய்யுது?"

அவள் மூச்சு வாங்கினாள். "இப்பதான் விளங்குது" என்றாள். "அண்டைக்கு நீங்கள் ஏன் சிரிச்சனீங்கள் எண்டு."

"கதைய விடுங்க" என்றார் ஆமினா உம்மா. "இன்னொருக்கா இழுக்கச் சொல்லுங்க."

அதற்குப் பிறகு வரிசை ராட்டினத்தைச் சுற்றி வளைந்து நின்றது. மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் ஆட்கள் வள்ளமேறி வந்தார்கள். பிள்ளைப்பேற்று விடுதி எழும்பியது. அதில் பிறந்தவர்களுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது.

ஒரேயொரு தடவை வண்டி நடுவில் நின்றது. மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று எதிராக வீசிய பின்னேரம். புதிதாகக் கலியாணமான ஒரு சோடி, இருவரும் ஈர்க்கு மாதிரி மெலிந்தவர்கள், வேறு எவரையும் ஏற்ற வேண்டாம் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். பாரம் குறைந்த வண்டியைக் காற்று பிடித்துக்கொண்டது. இரண்டாவது மேட்டின் உச்சிக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்று பின்னால் உருண்டது. கூட்டம் அலறியது. ஞானசேகரம் மட்டும் பதறவில்லை. பாதையோரமாக நடந்து போய், "கையை வெளியிலை போடாதேங்கோ, எழும்பாதேங்கோ. அது ஆடி ஆடித் தானா ஓயும்" என்று சொல்லிக்கொண்டு நின்றார். அப்படியே ஓய்ந்தது. இறக்கிவிட்டபோது அந்தப் பெண், "முழுக்கப் போறதை விட இது நல்லாயிருந்தது" என்றாள். அடுத்த நாளிலிருந்து ஆள் குறைந்தால் கூடவே இரண்டு மண்மூட்டைகளும் சவாரி போயின.

மூன்று வருடம் தொடர்ந்து மலைவண்டி ஓடியது. அறுபத்துநாலு மார்கழிப் புயல் அதைச் சாய்த்துவிட்டது. காற்று அடங்கியதும் ஞானசேகரமும் தாஹிரும் வெட்டவெளிக்கு வந்து பார்த்தார்கள். பனந்தூண்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. ஆனால் ஊரில் கூரை பறந்து நின்ற வீடுகளைப் பார்த்தால் இது பெரிதில்லை.

"மரமெல்லாம் நல்ல மரம்" என்றார் தாஹிர்.

"ஓம் நானா."

அவ்வளவுதான் கதைத்தார்கள். மேடு தாங்கிய மரங்கள் கூரை வளைகளாகவும் கைமரங்களாகவும் லிங்கநகரிலும் கிண்ணியாவிலும் வீடுகளுக்குப் போயின. வள்ளத்தை, சில்லைக் கழற்றிவிட்டு, ஒரு மீனவரிடம் கொடுத்தார்கள். அது கடலில் நன்றாகவே ஓடியது. ஞானசேகரம் தண்டவாளத்தையும் சில்லுகளையும் மட்டும் திரும்ப வேலியோரம் அடுக்கினார். இந்த முறை அன்னலட்சுமி அவற்றுக்கு மேல் தென்னோலைக் கிடுகு போட்டு மூடி வைத்தாள்.

எழுபத்துமூன்றில் கந்தளாயில் சித்திரை வருடப்பிறப்புக்கு விழா எடுத்தவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். அங்கே மரம் எடுப்பது கஷ்டம். அவர் போய் இடத்தைச் சுற்றிப் பார்த்தார். வயல்வெளிக்குப் பின்னால் ஒரு கற்பாறை மேடு நின்றது. அதைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல். உயரத்தை யாரும் கட்டத் தேவையில்லை, அது ஏற்கெனவே அங்கே நிற்கிறது. சரிவோடு தண்டவாளத்தைப் போட்டுக் கீழே இரண்டு சின்ன மேடுகளை மண்ணால் குவித்தால் போதும். தமிழ், சிங்கள, முஸ்லிம் சனங்கள் மண் சுமந்தார்கள். பயத்தில் போடுகிற கூச்சலுக்கு மட்டும் பாஷை தேவைப்படவில்லை. அங்கே பிரேக் பிடித்தவள் அன்னலட்சுமி. ஞானசேகரத்தின் தோள் அப்போது நோகத் தொடங்கியிருந்தது. அவளுடைய பிடி அவருடையதை விட மென்மையாக இருந்தது, வண்டி குலுங்காமல் வந்து நிற்கும்.

எண்பத்தொன்றில் குச்சவெளியிலிருந்து இருவர் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வாசிகசாலைக்குக் கட்டடம் வேண்டுமாம், விழா நடத்தப் போகிறார்களாம். "ஆனா ஐயா, எங்கடை ஊரிலை மேடே இல்லை. எல்லாம் மணல்" என்று தயங்கினார்கள்.

ஞானசேகரம் அவர்களை இருக்கச் சொல்லிவிட்டு, அன்னலட்சுமியைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே குசினியிலிருந்து தேத்தண்ணீர் கொண்டுவந்துகொண்டிருந்தாள்.

"மேடு கட்டலாம்" என்றாள் அவர்களிடம். "பனை கிடக்குதோ உங்கடை பக்கம்?"

"அது வேண்டியமட்டும் இருக்கு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கரையோர பஸ்ஸில் மூவராகப் போனார்கள். தாஹிரும் வந்தார். அறுபது தாண்டியும் வெற்றிலையை விடவில்லை. குச்சவெளிக் கடற்கரையில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கையை உயர்த்திப் பார்த்தபடி ஞானசேகரம் மணலில் குச்சியால் ஒரு கோடு கிழித்தார். முதலில் ஒரு மேடு, பிறகு அதை விடச் சிறிது, அதற்குப் பிறகு இன்னும் சிறிது.

"இந்த முறை மூண்டு மேடு" என்றார்.

"மூண்டாவது அழகா இருக்குமா?" என்று கேட்டார் தாஹிர்.

"அழகைப் பாத்தா ஏறாது நானா."

"ஏறுறமாதிரி அழகாச் செய்வம்" என்று சொல்லிவிட்டுத் தாஹிர் செருப்பைக் கழற்றி ஒரு பக்கம் வைத்தார். முதல் தூண் எங்கே வர வேண்டும் என்று மணலைக் காலால் மிதித்துப் பார்க்கத் தொடங்கினார்.